தைப்பிங் வீட்டுப் பூட்டு

"எப்பக்கா போறீங்க?"

புது வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுக்காரி சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா, ஒன்றும் கிடையாது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஈரத் துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை, அதற்குள் கிளம்பும் நாளைக் கேட்கிறாளே, இவளுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?

"எங்க போறேன்?" என்றேன்.

"ஊருக்குத்தான். மலேசியாவுக்கு."

"ஆறு மாசம் ஆகும்."

"அவுனா? ஆறு மாசம் இருப்பீங்களா?" என்று 'அப்படியா'வைத் தெலுங்கில் கேட்டு அவள் கண்ணை விரித்தாள். அது சந்தோஷமா ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத எதையும் நான் நல்லதாக எடுத்துக்கொள்வதில்லை. மிச்சத் துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டேன்.

என் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைப்பிங் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்குமேல் ஓட்டை பார்க்கும் வேலை செய்தவள் நான். ரப்பர் கையுறையில் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, எங்கேயாவது ஒரு சொட்டு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயிரம் கையுறை நன்றாக இருந்தாலும் கண் அந்த ஒரு ஓட்டையைத்தான் தேடும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கவா முடியும்? என் மகன் சின்ன வயதிலிருந்தே சொல்வான், "அம்மா, நீங்க சாமியக்கூட தண்ணி ஊத்திப் பாத்துட்டுத்தான் கும்பிடுவீங்க" என்று.

என் வீட்டுக்காரர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊர்க்காரர். ஆந்திராதான், ஆனால் தெருவில் பாதிப் பேர் தமிழர்கள், பரம்பரையாக இங்கேயே விவசாயம் பார்ப்பவர்கள். அவர் இளவயதில் மலேசியாவுக்குச் சாப்பாட்டுக்கடை வேலைக்கு வந்து, என்னைக் கட்டிக்கொண்டு, அங்கேயே ஓடாய் உழைத்தார். ஓய்வு பெற்றதும் அவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பங்காக வந்த மாந்தோப்பு இருக்கிறது, வீட்டுமனை இருக்கிறது, வா போகலாம் என்றார். மனையில் வீடும் கட்டிவிட்டார். அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரை எல்லாம் வீடியோ காலில் பார்த்துப் பார்த்துக் கட்டியது. அவருக்கு இது பிறந்த ஊர். ஆனால் எனக்கு இது வெளிநாடு. நான் பிறந்தது, படித்தது, பிள்ளை பெற்றது எல்லாம் மலேசியாவில். இதைச் சொன்னால் இங்கே யாருக்கும் விளங்காது. தமிழ்தானே பேசுறீங்க, அப்புறம் என்ன வெளிநாடு என்பார்கள்.

தைப்பிங்கில் எங்கள் வீடு முன்பக்கம் செங்கல், பின்பக்கம் பலகை. சாயங்காலம் நாலு மணிக்கு மழை வரும். தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அந்த நேரத்தில் வீட்டில் சண்டைகூட நின்றுவிடும். குசினி ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். குசினித் தரைக்குப் பச்சை ஓடு நானே கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்துப் போட்டது. வாசலில் ரம்புத்தான் மரம். காய்க்கிற பருவத்தில் கிளை கேட்டுக்கு மேல் சாய்ந்து தெருவில் போகிறவர்கள் தலையில் இடிக்கும். அந்த வீட்டை விட்டு வரும்போது நான் அழவில்லை, ஏனென்றால் திரும்பிப் போவேன் என்று நிச்சயமாக நம்பியிருந்தேன். ஒப்பந்தம் அப்படி. ஆறு மாதம் இருந்து பார்ப்பது, பிடிக்கவில்லை என்றால் எனக்குத் திரும்ப டிக்கெட் இருக்கிறது. வீடு மகன் பெயரில் இருந்தது. அவன் கோலாலம்பூரில் வேலையாக இருக்கிறான். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் நடுச்சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ள ஆசைப்பட்டு எங்கள் வீட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அம்மா, நீங்க டிக்கெட் தேதிக்கு வந்துட்டா விக்கமாட்டேன்," என்று மகன் விமான நிலையத்தில் சொன்னான். "வரலன்னா, அங்கேயே இருக்க முடிவு பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். அவங்களுக்குக் குடுத்திடுவேன். சரியா?"

சரி என்றேன். வராமல் எங்கே போகப்போகிறேன் என்ற திமிர்.

வரும்போது தைப்பிங் வீட்டு கேட்டின் பூட்டையும் கழற்றிக்கொண்டு வந்தேன். அங்கே மகன் புதுசு வாங்கிப் போட்டான். நல்ல கனமான பித்தளைப் பூட்டு, சாவியை என் தாலிக்கொடியிலேயே கோத்து வைத்திருப்பேன். அங்கே எங்கள் பழக்கம், ஆள் வீட்டில் இருந்தாலும் கம்பி கேட்டுக்கு இடையில் கையை விட்டு வெளிப்பக்கம் பூட்டைப் போட்டுவிடுவது. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை பூட்டுதான். தெருவே அப்படித்தான் வாழும். இங்கே வந்த அன்றே புது கேட்டில் அதை மாட்டினேன். அது விழுகிற 'டக்' சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"பகல்ல எதுக்குப் பூட்டு? எடுத்துடு," என்றார் வீட்டுக்காரர்.

"திருடன் பகல்ல வரமாட்டேன்னு உங்ககிட்ட எழுதிக் குடுத்தானா?"

"இங்க யாரும் இப்புடிப் பூட்டிக்கினு உள்ள குந்திக்கினு இருக்கமாட்டாங்கடி."

இன்னொரு விஷயம் அது. சென்னையில் இறங்கிய அன்றிலிருந்து இந்த மனிதரின் பேச்சே மாறிவிட்டது. முப்பது வருடமாக என்னோடு பேசிய தமிழை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. இன்னா, வந்துகினு, போய்க்கினு, துன்னுட்டியா என்று ஒரே ஊர்ப்பேச்சு. காலையில் பின்பக்க வழியாகத் தோப்புக்குப் போனால் மதியம் சாப்பாட்டுக்குத்தான் வருவார். இவருக்கு இங்கே எல்லாரும் இருக்கிறார்கள். என்னை மட்டும் கொண்டுவந்து கம்பிக்குள் போட்டுவிட்டார் என்று நான் கறுவிக்கொண்டிருந்தேன். கம்பியைப் பூட்டியது நான்தான் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

பொங்கல் முடிந்து ஒரு நாள், மதியத் தூக்கம் போட்டு எழுந்து வந்து பார்க்கிறேன், கேட்டுக் கம்பியில் ஒரு மஞ்சள் துணிப்பை தொங்குகிறது. உள்ளே வேர்க்கடலை, நடுவில் இரண்டு எலுமிச்சம்பழம். மஞ்சள் துணி, எலுமிச்சை, யாரும் இல்லாத நேரம். செய்வினை இல்லாமல் வேறென்ன? பெட்டியில் நான் கொண்டுவந்திருந்த தொழிற்சாலைக் கையுறையை மாட்டிக்கொண்டு, பையைத் தொடாமல் குச்சியால் எடுத்து, குப்பைமேட்டில் போட்டுக் கொளுத்தினேன். கடலை வறுபட்ட வாசனை வந்தது. நல்ல வாசனைதான். அதற்கும் சேர்த்து ஒரு வசவு விட்டேன்.

மாசியில் முருங்கைக்கீரைக் கட்டு தொங்கியது. அதையும் கையுறையோடு எடுத்துப் போட்டேன். சித்திரை முடியும்போது ஒரு பை மாங்காய். எங்களுக்கே தோப்பு இருக்கும்போது நமக்கு எதற்கு ஒருவர் மாங்காய் தரவேண்டும்? அதை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன், ஊசி குத்தின அடையாளம் இருக்கிறதா என்று. இல்லை. ஆனாலும் மாட்டுக்குக்கூட போடவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவுமில்லை.

நடுவில் ஒரு நாள் ஏதோ அரசாங்கக் கணக்கெடுப்புக்கு ஒரு பெண் போனும் கையுமாக வந்தாள். கம்பிக்கு வெளியே நின்று, "வீட்ல எத்தினி பேரும்மா?" என்றாள்.

"ஒருத்தர்," என்றேன்.

"நீங்க?"

"நான் போயிடுவேன்."

அவள் போனில் ஏதோ தட்டிக்கொண்டு போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி கீரை ஆய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன்.

டிக்கெட் தேதி நெருங்கியது. இந்த ஊரில் அந்தச் சமயம்தான் கங்கம்மா ஜாத்திரை, அம்மன் திருவிழா, என்று எனக்குத் தெரியாது. ஒரு காலையில் பறைச் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடினேன். முன்னால் இருவர் பறையடிக்க, பின்னால் ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஒருவர் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டு வந்தார். இங்கே அதற்குச் சாட்டிம்பு என்று பெயர், ஊருக்கு விஷயத்தைச் சாட்டுவது.

"ஞாயித்துக்கெயம அம்மாவுக்குக் காப்பு! காப்பு கட்டுனதுலேர்ந்து எட்டு நாளு ஊருக்காரங்க எல்ல தாண்டிப் போய் ராத்தங்கக் கூடாது! வெளியூருக்காரங்க ஊருக்குள்ள ராத்தங்கக் கூடாது! கேட்டுக்கினீங்களா?"

என் வீட்டு வாசலில் வந்தபோது சத்தம் கொஞ்சம் கூடினமாதிரி எனக்குப் பட்டது. வெளியூர்க்காரர் என்றால் இந்தத் தெருவில் வேறு யார்? எதிரில் இரண்டு பெரிய வீடுகள் இருக்கின்றன, குவைத்தில் இருப்பவர்கள் கட்டிப் பூட்டிவிட்டுப் போனவை. அவற்றில் புறாதான் குடியிருக்கிறது. மிச்சம் நான் ஒருத்திதான்.

ஆட்டோ திரும்புவதற்குள் சுவருக்கு மேலே தலை முளைத்துவிட்டது.

"அக்கா, உங்க டிக்கெட்டு என்னிக்கி?"

"புதன்கெழம."

"ஐயோ! காப்பு ஞாயித்துக்கெயம ஆச்சே. அதுக்கு முந்தியே கெளம்பிடறீங்களா?"

பார்த்தீர்களா! முதல் நாள் கேட்டதையே இப்போது சாமி பெயரை வைத்துக் கேட்கிறாள். "என்னைக்குக் கெளம்பணும்னு எனக்குத் தெரியும்," என்று ஜன்னலைச் சாத்தினேன்.

வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். "சனிக்கெழமையே போறேன். சென்னையில ஓட்டல்ல இருந்து புதன்கெழம ஏறிக்கிறேன். உங்க ஊரு என்னைத் துரத்துது."

அவர் சாப்பாட்டில் கை வைத்தபடியே இருந்தார். "யாரும் தொரத்தல. நீ போறதுனா போ, நான் தடுக்கல. ஆனா நான் வர்றதா இல்ல," என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நாள் குறித்ததில் இவருக்கும் பங்கு இருக்குமோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. ஊர் சாமி இவருக்காகத் தேதி மாற்றுமா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்தது. உறவில் ஒரு கல்யாணம் என்று அவர் முதல் பஸ்ஸிலேயே திருச்சானூர் போயிருந்தார். மதியம் வந்து என்னை புத்தூரில் ரயில் ஏற்றிவிடுவதாகப் பேச்சு. என் பெட்டி கூடத்தில் கட்டித் தயாராக நின்றது. காலை பத்து மணி இருக்கும், தெருமுனையில் பெண்கள் குலவையிட்டது கேட்டது.

மஞ்சள் புடவையில் ஐந்தாறு பெண்கள், நடுவில் பக்கத்து வீட்டுக்காரி, அவள் இடுப்பில் வேப்பிலை சொருகிய பெரிய அன்னக்கூடை. ஜாத்திரைக்கு ஊற்றும் கூழுக்கு வீடு வீடாகக் கேழ்வரகு வாங்கிக்கொண்டு வந்தார்கள். தலைக்கு ஒரு ஆழாக்கு. ஒவ்வொரு வாசலிலும், "வூட்ல எத்தினி பேரு?" என்று கேட்பதும், அந்த வீட்டுக்காரி எண்ணிக்கையைச் சொல்லி அளந்து போடுவதும் எனக்குக் கேட்டது. எங்களுக்கு முந்தின வீட்டில் ஏழு பேர். பிறந்து இருபது நாள் ஆன குழந்தைக்கும் சேர்த்து அளந்தார்கள். அடுத்தது எங்கள் வீடு. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வந்து கேட்கட்டும், நான் போகிறவள் என்று முகத்துக்கு நேரே சொல்லலாம் என்று வார்த்தையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன்.

அவர்கள் கேட்டருகே வந்தார்கள். ஒருத்தி பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எல்லாரும் நடந்துவிட்டார்கள்.

அடுத்த வீட்டில், "வூட்ல எத்தினி பேரு?" என்று கேட்டது.

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. போகப்போகிறவள்தான் நான். பெட்டி கட்டியாகிவிட்டது. அதற்காக இருக்கும்போதே இல்லாதவளாக்கி விடுவதா? இருபது நாள் குழந்தைக்கு இருக்கிற கணக்கு எனக்குக் கிடையாதா? குசினிக்கு ஓடி, கேழ்வரகு டப்பாவையும் ஆழாக்கையும் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். கேட் பூட்டியிருக்கிறது. தாலிக்கொடியோடு குனிந்து, கம்பிக்கு வெளியே கையை விட்டு, தலைகீழாகச் சாவி நுழையாமல், நான் போட்ட பூட்டை நானே திறக்க முடியாமல் கம்பியை உலுக்கினேன்.

"ஏய்! நில்லுங்க! எனக்குக் கண்ணு தெரியும், எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்! நான் உயிரோட நிக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியலயா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரி கூடையோடு திரும்பி வந்தாள். முகத்தில் பயம் தெரிந்தது.

"பூட்டு தொங்குதேக்கா," என்றாள். "பூட்டுன வூட்டு வாசல்ல நின்னு அம்மா பேரச் சொல்லிக் கேக்கக் கூடாது. பூட்டுன வூடு ஆளில்லாத வூடு."

"உள்ளதான இருக்கேன்! ஆறு மாசமா இருக்கேன்!"

"கீறீங்க, தெரியுது. ஆனா ஆறு மாசமா பூட்டு வெளியதான தொங்குது. எதிர்க்க கீற குவைத்து வூடு மாறி. நாங்க கடல பிச்சா, மாங்கா பறிச்சா இந்த வூட்டுக்கும் பங்கு கொணாந்தோம். பூட்டுன வூட்டக் கூப்டக் கூடாதுன்னு கம்பியில மாட்டிட்டுப் போயிருவோம். நீங்க ஒரு வார்த்த சொன்னதில்ல. செரி, வெளிநாட்டுக்காரங்களுக்கு நம்ம பொருளு புடிக்கலன்னு நெனச்சிக்கினோம்."

"எலுமிச்சம்பழம்?"

"எங்க மரத்துதுக்கா. மொதக் காய்ப்பு."

கொளுத்திய கடலையின் வாசனை இப்போது என் மூக்குக்கு வந்தது. வெட்கத்தில் காது சுட்டது. எப்படியோ சாவி திரும்பி, பூட்டு என் கையோடு வந்துவிட்டது. கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினேன். "இந்தாங்க, பிடிங்க," என்று ஆழாக்கில் கேழ்வரகை மொண்டேன்.

அவள் கூடையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இருங்கக்கா. அவசரப்படாதீங்க. உங்களுது போட்டுட்டா நீங்க ஊரு ஆளு. ஜாத்தர முடியிற வரைக்கும் எல்ல தாண்டக் கூடாது. புதன்கெயம பிளேன் போயிரும். போடலன்னா ஒரு தப்பும் இல்ல, வெளியாளு, நாளைக்குள்ள நல்லபடியா போய்க்கினு வரலாம். உங்கள மாட்டி விடக் கூடாதுன்னுதான் நான் டிக்கெட்ட கேட்டுக் கேட்டு வெச்சிக்கினேன். பூட்டும் தொங்குச்சி, அதான் வாய் தொறக்காம போய்ட்டோம்."

அந்தப் பெண்களில் ஒருத்தியும் அவசரப்படுத்தவில்லை. வெயில் ஏறிவிட்டது. கூடையில் ஊர்த் தலைகள் எல்லாம் கேழ்வரகாகக் குவிந்து கிடந்தன. என் இடது கையில் தைப்பிங் பூட்டு, வலது கையில் ஆழாக்கு.

"அவருக்குப் போடுறேன்," என்று சொல்லி ஒரு ஆழாக்கைக் கவிழ்த்தேன். அவர் இந்த ஊர்தானே, அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பிறகு கை டப்பாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. புதன்கிழமை நான் போகவில்லை என்றால் வியாழக்கிழமை மகன் சாவியைக் கொடுத்துவிடுவான். சொன்னால் சொன்னதுதான், என் பிள்ளை. நடுச்சுவரை இடிப்பார்கள். என் பச்சைத் தரை ஓடுகளைப் பெயர்த்து எடுப்பார்கள். ரம்புத்தான் மரம் வீட்டுக்கு வெளிச்சத்தை மறைக்கிறது என்று அந்தச் சீன அம்மா எத்தனையோ முறை சொன்னவள். அதை விடமாட்டாள். நாலு மணி மழை அவர்கள் கூரையில் விழும். நான் எங்கே ஓட்டை இருக்கிறது என்று ஆறு மாதம் இந்த ஊரைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அங்கே திரும்பிப் போனால் மழை இருக்கும், மலை இருக்கும். எதிரில் உட்கார்ந்து சாப்பிட அவர் இருக்கமாட்டார். என் தலைக்கு ஒரு ஆழாக்கு அளக்க யாரும் வரமாட்டார்கள்.

"வூட்ல எத்தினி பேருக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, மற்ற வாசல்களில் கேட்ட அதே குரலில்.

"ரெண்டு பேரு," என்றேன். இரண்டாவது ஆழாக்கைக் கவிழ்த்தேன்.

கொட்டிய கையோடு எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா கண் கலங்குவது இல்லை. விமான நிலையத்தில் அழாதது, பலகைக் கதவைச் சாத்தும்போது அழாதது, எல்லாம் சேர்ந்து அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுத்தெருவில் பூட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாய்விட்டுக் கதறினேன். உடம்பு ஆடியது.

"அம்மா வந்துட்டா! அம்மா வந்துட்டா!" என்று ஒருத்தி கத்தினாள். குலவை எழுந்தது. யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள். வேப்பிலை முகத்தில் அடித்தது. ஒரு கிழவர் வந்து சாஷ்டாங்கமாக விழுந்து, இந்த வருசம் மழை எப்போது வரும் தாயே என்று கேட்டார்.

"நாலு மணிக்கு," என்று அழுகைக்கு நடுவில் சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு என் தோளைப் பிடித்து வீட்டு வாசலில் உட்கார வைத்தாள். தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். மற்றவர்கள் குலவையிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் மட்டும் காதோரம் குனிந்து, "அந்த வூட்ட நெனச்சிக்கினியா?" என்றாள்.

தலையை ஆட்டினேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் இன்றைக்கும் அது கங்கம்மா என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லையே, இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று, தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, அப்போதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.